220 மைல் வழியை 600 மைலாக்கியது யார்?

பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியே ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பழைய கணக்கிற் சொன்னால் 220 மைல். பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 184 கிலோமீற்றர். அதாவது 114 மைல். பலாலியிலிருந்து இரத்மலானைக்கு 329 கிலோமீற்றர். கட்டுநாயக்காவுக்கு 290 கிலோமீற்றர்.

இவை இயற்கை வகுத்த எண்கள். பாராளுமன்றத்திலே மூன்றிலிரண்டு பெரும்பான்மை பெற்ற ஆட்சியாலும் இவற்றில் ஒரு மைலைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது. தேசப்படத்தை விரித்து வைத்து அளவுகோலைப் பிடித்துப் பாருங்கள். கொழும்பும் சென்னையும் யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறையச் சம தூரத்தில் நிற்கின்றன. திருச்சியோ கண்டியைவிட நமக்கு அண்மையில் இருக்கின்றது.

தூரம் இவ்வாறிருக்க, நேரம் எவ்வாறிருந்தது? அங்கேதான் நமது வழக்கு ஆரம்பமாகின்றது. தூரத்தை மாற்ற முடியாத ஆட்சியாளர் நேரத்தை மாற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்து வழியை ஒரு பகலும் ஓரிரவுமாக நீட்டினார்கள். அந்த நீட்சிக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள், மாணவர்கள், வழக்கறிஞர்கள், கமக்காரர்கள். அந்த விலையைக் கணக்கெடுத்துக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தன் வீட்டுக்கு மேலால் பறந்தவன்

சாவகச்சேரியிலே ஒரு நோயாளி இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சென்னையிலே சத்திர சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. பலாலி மூடிக் கிடந்த காலத்தில் அவர் என்ன செய்தார்? வடக்கே போக வேண்டியவர் தெற்கே புறப்பட்டார். 360 கிலோமீற்றருக்குக் குறையாத தெருவழியே ஏழெட்டு மணி நேரம் குலுங்கிக் கட்டுநாயக்காவை அடைந்தார். விமானம் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே வரிசையில் நின்றார். பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு 644 கிலோமீற்றர் பறந்தார். ஆகமொத்தம் ஆயிரம் கிலோமீற்றர்! 220 மைல் போகவேண்டிய மனிதர் 600 மைலுக்கு மேல் அலைந்தார்.

இதிலே இன்னுமொரு கொடுமை உண்டு. கட்டுநாயக்காவிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒரு நேர்கோடு கீறிப் பாருங்கள். அந்தக் கோடு எங்கே செல்கிறது? வலிகாமத்தின் மேலாகச் செல்கிறது! பலாலி ஓடுபாதைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. நோயாளி ஓரிரவு முழுதும் தெற்கே பயணஞ் செய்து, விமானம் ஏறித் திரும்பவும் தன் குடாநாட்டின் மேலாகவே பறந்து போனார். கீழே தன் ஊர். அங்கே ஓர் ஓடுபாதை. அதிலே அவர் ஏறுவதற்கு விமானம் இல்லை. இதைவிடத் தெளிவாக ஒரு மக்களுக்கு அவர்களுடைய நிலையை எவரால் எடுத்துக்காட்ட முடியும்?

1947 இல் முடிந்தது

இந்த வழி புதிதாகக் கேட்கப்படும் சலுகை என்று எண்ணுபவர் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். பலாலித் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையினால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, 1947 டிசெம்பர் 10 ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை ஆரம்பமாயிற்று. அந்த முதற் சேவையின் வழி எது? இரத்மலானை, காங்கேசன்துறை, சென்னை. காங்கேசன்துறை என்று அன்று வழங்கியது இதே பலாலித் தளந்தான்.

ஆம்! இந்நாட்டின் தேசிய விமான சேவை பிறந்த அன்றே யாழ்ப்பாணத்தின் வழியாகப் பறந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் முன்னர் நடந்த நிகழ்ச்சி அது. அந்நியன் ஆண்ட நாளில் ஒரு விமான நிறுவனத்தார் படத்தைப் பார்த்தார்கள். இரத்மலானைக்கும் சென்னைக்கும் நடுவே பலாலி இருப்பதைக் கண்டார்கள். அங்கே விமானத்தை இறக்கினார்கள். அவர்களுக்கு அதற்கு ஆணைக்குழு தேவைப்படவில்லை.

அந்நாளில் பறந்தவை டக்கோட்டா விமானங்கள். மணிக்கு 160 மைல் அளவில் செல்லக்கூடியவை. 220 மைலை அவை ஒன்றரை மணி நேரத்திற் கடந்துவிடும். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 1997 இலே, மனிதன் சந்திரனில் காலடி வைத்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின், யாழ்ப்பாணத்தவன் சென்னைக்குச் செல்ல எத்தனை நாள் பிடித்தது? தெருப் பூட்டப்பட்டிருந்தது. யாழ்தேவி 1990 ஜூனில் நின்றுவிட்டது. கப்பலுக்கோ உள்நாட்டு விமானத்துக்கோ படைத்தரப்பின் அனுமதிப் பத்திரம் வேண்டியிருந்தது. அனுமதி கிடைக்கும் நாளே புறப்படும் நாள். உலகத்தின் விமானங்கள் வேகம் பெற்றன. நமது பயணமோ கட்டை வண்டிக் காலத்துக்கும் முன்னே போயிற்று.

படைக்குக் குறுகிய தூரம், குடிமக்களுக்கு நெடிய தூரம்

போர்தானே வானத்தை மூடியது என்பர் சிலர். உண்மை, போர் மூடியது. இரு தரப்பின் ஆயுதங்களும் சேர்ந்தே மூடின. 1998 செப்டெம்பர் 29 ஆம் நாள் பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்து, அதிலே சென்ற 55 பேரும் மாண்டார்கள். அந்த மரணங்களை மறைத்துவிட்டு ஆட்சியாளரை மட்டும் குற்றஞ் சொல்வது நேர்மையாகாது. நாம் அதனைச் செய்யமாட்டோம்.

ஆனால் போர்க்காலத்திலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. 1987 ஜூன் 4 ஆம் நாள் இந்திய விமானப் படையின் அன்டனோவ் விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேலே வந்து உணவுப் பொதிகளை இட்டுச் சென்றன. அடுத்த மாத முடிவிலே இந்தியப் படைகள் பலாலியிற் போய் இறங்கின. பின் வந்த ஆண்டுகளில் இலங்கை விமானப் படையின் கனத்த ஹேர்க்கியூலிஸ் விமானங்கள் அதே தளத்தில் இறங்கி ஏறின. துப்பாக்கி சுமந்தவனுக்குப் பலாலி என்றுமே தூரமாக இருந்ததில்லை. பிள்ளையைச் சுமந்த தாய்க்குத்தான் அது எட்டாத இடமாயிற்று.

சரி, போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பின்னும் பலாலியிலிருந்து ஒரு பயணி வெளிநாடு செல்வதற்கு எவ்வளவு காலம் சென்றது? பத்து ஆண்டுகளுக்கு மேல்! அந்தப் பத்து ஆண்டுகளுக்கு எந்தப் போரைக் காரணங் காட்டுவார்கள்?

மத்தளையும் பலாலியும்

பணமில்லை என்பார்களா? அந்தப் பத்து ஆண்டுகளுக்குள்ளே, 2013 மார்ச் 18 ஆம் நாள், அம்பாந்தோட்டை மாவட்டத்து மத்தளையில் ஒரு புதிய சர்வதேச விமான நிலையம் திறந்து வைக்கப்பட்டது. அதன் செலவு இருபது கோடி அமெரிக்க டொலருக்கு மேல். பெரும்பகுதி சீனக் கடன். ஓடுபாதையின் நீளம் 3,500 மீற்றர். உலகத்தின் மிகப் பெரிய விமானமும் அதில் இறங்கலாம். ஆனால் இறங்குவதற்குத்தான் விமானம் வரவில்லை! உலகிலேயே ஆளற்ற சர்வதேச விமான நிலையம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதனை எள்ளி நகையாடின. பட்சிகளையும் யானைகளையும் விரட்டுவதே அங்கே பெரும் பணியாயிற்று.

ஒரு பக்கத்தில் ஓடுபாதை உண்டு, பயணி இல்லை. மறுபக்கத்தில் பயணி உண்டு, ஓடுபாதையும் உண்டு, பறக்க அனுமதி இல்லை. இலாபம் வராது என்று பலாலிக்குக் கணக்குப் பார்த்தவர்கள், மத்தளைக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்களா? அந்தக் கடனைத் தீர்க்க வரி கட்டுபவர்களில் நெடுந்தீவு மீனவனும் உரும்பிராய்க் கமக்காரனும் அடக்கம் என்பதை அவர்கள் மறந்தார்களா?

2019 ஒக்டோபர் 17 ஆம் நாள் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் பலாலி திறந்து வைக்கப்பட்டது. சனாதிபதி வந்தார், பிரதமர் வந்தார், மாலைகள் விழுந்தன. சனாதிபதித் தேர்தல் அதற்குச் சரியாக முப்பதாம் நாள், நவம்பர் 16 இல் நடைபெற்றது. நாற்பது ஆண்டளவு கண்ணிற் படாத ஓடுபாதை தேர்தலுக்கு முப்பது நாள் இருக்கையிற் கண்ணிற் பட்டதன் மர்மத்தை வாசகர்களே அறிவார்கள். காரணம் எதுவாயினும் நாம் மகிழ்ந்தோம். நவம்பரில் அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து பறந்து வந்தது.

மகிழ்ச்சி எத்தனை நாள்? 2020 மார்ச்சில் கொவிட் நோய் வந்தது, உலகமே மூடியது, பலாலியும் மூடியது. அதிற் குற்றமில்லை. உலகம் மீளத் திறந்தபோது நடந்ததைப் பாருங்கள். 2020 டிசெம்பர் முடிவிலேயே உக்ரேன் நாட்டு உல்லாசப் பயணிகள் மத்தளையில் வந்து இறங்கினார்கள். 2021 சனவரி 21 ஆம் நாள் கட்டுநாயக்கா உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. பலாலி எப்போது திறந்தது? 2022 டிசெம்பர் 12 ஆம் நாள்! ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிந்தி! நோய்க் கிருமி கட்டுநாயக்காவை விட்டு 2021 இல் நீங்கிற்று, பலாலியை விட்டு 2022 இல்தான் நீங்கிற்று என்று எந்த வைத்தியர் சான்றிதழ் கொடுத்தார்?

அதன் பின் நிகழ்ந்தது ஒரு பாடம். 2024 செப்டெம்பர் 1 ஆம் நாள் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பலாலிக்குப் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30 ஆம் நாள் அதே நிறுவனம் திருச்சியிலிருந்தும் சேவையைத் தொடங்கியது. பயணி இல்லாத இடத்துக்குத் தனியார் நிறுவனம் தன் விமானத்தை அனுப்புமா? இலாபம் வராது என்று சொல்லிவந்தவர்களுக்கு இலாபத்துக்காகவே தொழில் செய்பவர்கள் கொடுத்த மறுமொழி அது.

கமக்காரன் கேட்கும் கேள்வி

இங்கே ஒரு கமக்காரர் குறுக்கிட்டுக் கேட்கிறார்: “தம்பி, நீர் சொல்வதெல்லாம் சரி. டொக்டரும் அப்புக்காத்தும் பறப்பார்கள். எனக்கு அதனால் என்ன? என்னுடைய தோட்டமல்லவா அந்த வேலிக்குள்ளே போயிற்று?”

இந்தக் கேள்விக்கு நேர்மையாக மறுமொழி சொல்லாத எவருக்கும் பலாலியைப் பற்றிப் பேச உரிமையில்லை.

வலிகாமம் வடக்கின் செம்மண் இந்நாட்டின் சிறந்த நிலங்களில் ஒன்று. வெங்காயம், வாழை, புகையிலை, உருளைக்கிழங்கு, முந்திரிகை ஆகிய அத்தனையையும் கிணற்று நீரை நம்பி விளைவித்த மண் அது. 1990 ஜூனில் அந்த மண்ணின் மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரால் வேலி விழுந்தது. நலன்புரி நிலையங்களிலே பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், தம் ஊரைக் காணாமலே மணஞ் செய்தார்கள். போர் முடிந்த பின் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. முழுவதும் இன்னும் விடுவிக்கப்படவில்லை. தன் கிணற்றைத் தெருவில் நின்று எட்டிப் பார்க்கும் கமக்காரர் இன்றும் இருக்கிறார்.

இப்போது ஓடுபாதையை நீட்ட வேண்டும், பெரிய ஜெட் விமானங்கள் இறங்க வேண்டும் என்ற குரல் எழுகின்றது. நியாயமான குரல்தான். எழுபது பேரளவு கொள்ளும் ஏ.ரி.ஆர். விமானங்களால் குடாநாட்டின் தேவை முழுவதையும் நிறைவேற்ற இயலாது. ஆனால் நீட்டுவதற்கு நிலம் எங்கிருந்து வரும்? இங்கேதான் நாம் விழித்திருக்க வேண்டும். விமான நிலையத்தின் பெயரால் முகாமைக் காப்பாற்றிக் கொள்ளும் தந்திரத்துக்கு நாம் இணங்கக்கூடாது. பயணியின் ஆசையைக் காட்டிக் கமக்காரனின் காணியைப் பறிப்பதும், கமக்காரனின் துயரத்தைக் காட்டிப் பயணியின் வழியை அடைப்பதும் ஒரே கையின் இரு விரல்கள்.

நாம் கேட்பது எளியது. விமானம் ஓடுவதற்கு இன்றியமையாத நிலம் எது, முகாமுக்காக வேலியிடப்பட்ட நிலம் எது என்பதை வரைபடத்திற் பிரித்துப் பகிரங்கமாகக் காட்டுக. முதலாவது நிலத்துக்கு, உறுதி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்றைய விலையில் நட்டஈடு கொடுக்க. இரண்டாவது நிலத்தை, தாமதமின்றி உரியவரிடம் ஒப்படைக்க. வேலிக்குள்ளே கிடக்கும் பூமி முழுவதையும் இவ்வாறு கணக்கெடுத்து முடிக்கும் வரையில், வெளியே இருக்கும் ஒரு பரப்புக் காணியைக்கூட ஓடுபாதைக்கென்று எவரும் தொடலாகாது.

கமக்காரருக்கு விமானத்தால் என்ன பயன் என்பதற்கும் மறுமொழி உண்டு. வாடும் பண்டத்துக்கு மைல் பெரிதல்ல, மணிதான் பெரிது. காலையிற் பறித்த முந்திரிகையும் இரவிற் பிடித்த நண்டும் தென்னிலங்கைச் சந்தைக்கோ கட்டுநாயக்காவுக்கோ லொறியிற் போய்ச் சேர்வதற்குள் பாதி விலை தெருவிலே சிந்திவிடுகிறது. ஊரிலேயே விமானத்தில் ஏற்றக்கூடிய நிலை வந்தால், தரகனின் கையில் நிற்கும் விலை விளைவித்தவனின் கைக்கு வரும். ஆகவே பயணிகள் விமானத்தோடு சரக்கு விமானமும், குளிர்சாதனக் களஞ்சியமும் வேண்டும் என்று கேட்பது கமக்காரரின் உரிமை. அது டொக்டருக்காகக் கேட்கும் வரம் அன்று.

புதுக்கடைக்குப் போகும் வழி

சென்னை வழியைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். கொழும்பு வழியையும் மறக்கவில்லை. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதுக்கடையிலே இருக்கின்றன. அமைச்சுகள் எல்லாம் தலைநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. காலை ஒரு மணி நேர விசாரணைக்கு யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் முதல் நாளிரவு புறப்பட்டு மறுநாளிரவு திரும்புகிறார். ஒரு மணி நேர நீதிக்கு இரண்டு இரவுகள்! 329 கிலோமீற்றரைச் சிறிய விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்திற் கடக்கும். உள்நாட்டு விமான சேவையோ தொடங்குவதும் நிற்பதுமாகவே காலங் கழித்தது.

இலண்டனிலிருந்து வரும் நமது பிள்ளையின் கதையும் இதுவே. 8,700 கிலோமீற்றரைப் பதினொரு மணி நேரத்திற் கடந்து கட்டுநாயக்காவில் இறங்குகிறான். மீதி 290 கிலோமீற்றருக்கு மேலும் ஏழெட்டு மணி நேரம் வானில் உறங்கி உறங்கி விழுகிறான். பாதி உலகத்தைக் கடப்பது எளிது. பாதி இலங்கையைக் கடப்பது அரிது!

நமது பிரதிநிதிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இதனை முடிக்க இயலாது. திறப்பு விழாக்களிலே முன்வரிசையில் உங்களைக் கண்டோம். நாடா வெட்டும் படங்களிலும் கண்டோம். 2021 இல் கட்டுநாயக்கா திறந்து பலாலி திறவாமற் கிடந்த அந்த இருபத்து மூன்று மாதங்களிலும் உங்கள் குரல் போதிய அளவு ஓங்கி ஒலித்ததா? விமான சேவை நின்றால் மறுநாட் காலையே அமைச்சின் கதவைத் தட்டுபவரே பிரதிநிதி. சேவை தொடங்கும் நாளில் மாலையோடு வருவதற்குப் பிரதிநிதி தேவையில்லை, பூக்கடைக்காரரே போதும்.

வாசகர்களே, தூரம் இயற்கை தந்தது. நேரம் அரசு தருவது. ஒரு மக்கள் கூட்டத்தை அரசு எந்த இடத்தில் வைத்திருக்கின்றது என்பதை அறிய அரசியலமைப்பைப் புரட்ட வேண்டியதில்லை. அவர்கள் தம் வீட்டிலிருந்து வைத்தியரிடமும், நீதிமன்றத்திடமும், சந்தையிடமும் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகின்றது என்று கேட்டாற் போதும். 1947 இல் டக்கோட்டா விமானம் யாழ்ப்பாணத்தவனுக்கு அளித்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைக்காவிட்டாலும் பாதகமில்லை. இனி எந்தத் தேர்தலும், எந்த ஆணையும், எந்தச் சாக்கும் அதனைக் கூட்டாதிருக்கட்டும். அதற்கு உறுதி தாருங்கள் என்று கேட்கின்றோம். 220 மைல் 220 மைலாகவே இருக்கட்டும்!